லிஃப்ட் பெட்டிக்குள் பல்லிகள்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷனுக்கு, தான் குடியிருக்கிற கட்டடத்து லிஃப்டோடு தீராத தலைவலி. காரணம் பல்லி. மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு கன்ட்ரோல் பெட்டி, எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். சுண்டு விரல் நீளப் பல்லிகள் பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடந்துவிட்டு, இருட்டியதும் விளக்கடிக்குப் பூச்சி பிடிக்கக் கிளம்பும். போகிற வழியில் ஒன்று ரிலே என்கிற மின் சுவிட்சுக்குள் கால் வைத்தால் அதுவும் போச்சு, லிஃப்டும் நின்றது. மாடி ஏறி இறங்கி இவர் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

"பல்லிக்குப் பயந்து வாழற ஒரே மெக்கானிக் நீங்கதான்" என்பேன். சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பிருக்காது.

எங்களோடு இருப்பவர் இவருடைய அக்கா, எனக்கு அண்ணி. அண்ணிக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டது. நாலாவது மாடியை விட்டு இறங்கி மாதக்கணக்காகிறது. இப்போது கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு ஒருவழியாக நாள் கொடுத்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் மறுபடி எப்போதோ.

அதற்காகவே முதல் நாள் இருட்டி, பல்லிகள் வெளியே போனதும், பெட்டியில் ஒயர் நுழைகிற ஓட்டையை இவர் அடைத்தார். உள்ளே தகட்டில் இரண்டு முட்டை ஒட்டியிருந்ததாம். பட்டாணி அளவு, சுண்ணாம்பு மாதிரி கெட்டி. பிய்த்தால் உடைந்துவிடும். பாவம், பொரிக்க நாளாகும் என்று விட்டுவிட்டார். பாவம் பார்க்க நேரம் பார்த்தார் பாருங்கள்.

காலையில் அண்ணியை நாற்காலியோடு லிஃப்டில் ஏற்றினோம். இன்னொருவர் நிற்க இடமில்லாத சின்னக் கூண்டு. நான் படியில் இறங்கினேன். இரண்டாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது.

இவர் மேலே ஓடிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "குஞ்சு பொரிச்சிருக்கு. வெளிய போக வழியில்லாம ரிலேக்குள்ள புகுந்து கருகிப்போச்சு. ரிலேயும் போச்சு. தப்பு என்னோடதுதான்."

இனிக் கூண்டைக் கையால்தான் நகர்த்த வேண்டும். உள்ளே ஒல்லியான ஆள் ஒருத்தர் மட்டும் இருந்தால், பிரேக்கைத் தளர்த்தியதுமே கம்பிக் கயிற்றின் மறுமுனையில் தொங்குகிற எடை இழுத்துக் கூண்டு தானாக மேலே ஏறும். கீழே இறக்கத்தான் மூச்சைப் பிடித்து மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்.

"மேலயே தூக்கிடச் சொல்லும்மா," என்றார் அண்ணி கதவுக்குள்ளிருந்து. "அவனால முடியாது. கண்ணு தெரியாமலும் இருந்துக்கறேன்."

எனக்கு வந்ததே கோபம். "சும்மா இருங்க அண்ணி," என்று அதட்டிவிட்டுப் போனில் சொன்னேன்: "கீழ இறக்குங்க. எவ்வளவு நேரமானாலும் சரி."

கூண்டு அங்குலம் அங்குலமாக இறங்கியது. தரைத்தளத்தில் கதவைத் திறந்தபோது அண்ணி அழுதுகொண்டிருந்தார். படியிறங்கி வந்த இவருக்கு விரலை மடக்க முடியவில்லை.

"திரும்பி வந்ததும் மறுபடி இப்படிச் சுத்தணுமாடா?" என்றார் அண்ணி.

"வேணாம்க்கா. பிரேக்கை விட்டா தானா ஏறிடும். நீ அவ்வளவு கனம்தான் இருக்க."