நாலாவது மாடி அழைப்பு

ராஜலக்ஷ்மி கரூரில் ஆங்கில இலக்கியம் படித்தவள். கல்யாணமாகி டெக்ஸாஸில் ரவுண்ட் ராக்குக்கு வந்தபின் ஏழு வருஷம் வீட்டோடு இருந்தாள். க்ரீன் கார்டு வந்த கையோடு, இரண்டாயிரத்தின் கடைசியில், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிற போனை எடுத்து உரியவருக்கு மாற்றிவிடுவது அவள் வேலை.

அடுத்த வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாலாவது மாடியை மொத்தமாகக் காலி செய்தார்கள். திங்களன்று மேலதிகாரி டெனீஸ் வந்து, அந்த மாடிக்காரர்களை யார் கேட்டாலும் "ஹி இஸ் நோ லாங்கர் வித் அஸ்" என்று மட்டும் சொல்லச் சொன்னாள். இப்போது நம்மோடு இல்லை என்றால், அத்தனை பேருமா தவறிவிட்டார்கள், என்ன விபத்து என்று ராஜலக்ஷ்மி கேட்டாள். டெனீஸ் சிரித்தாள். யாரும் சாகவில்லையாம், வேலையை விட்டு 'லெட் கோ' பண்ணியிருக்கிறார்களாம்.

கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து விட்ட மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. கடைக்குப் போகிறவர்கூடப் போயிட்டு வரேன் என்று சொல்லித்தான் ராஜலக்ஷ்மிக்குப் பழக்கம். இங்கே லெஃப்ட், மூவ்டு ஆன், பாஸ்டு என்று போவதற்கு எத்தனையோ சொற்கள். ஒன்றிலாவது திரும்பி வருகிற பேச்சு இல்லை.

சில நாளில் ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், தணிந்த குரலில், சேனாபதி இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்பார். அவள் சொல்லிக் கொடுத்ததைச் சொல்வாள். நன்றி சொல்லி வைத்துவிடுவார். மறுநாளும் அதே கேள்வி வரும். ஆள் தமிழ் என்று உச்சரிப்பிலேயே தெரிந்தது. ஒருநாள் மனசு கேட்காமல், "நீங்க அவருக்கு என்ன வேணுங்க?" என்று தமிழில் கேட்டாள்.

"அவர் எங்க போனாருன்னு அங்க யாருக்காச்சும் தெரியுமாங்க?" என்றது குரல்.

அப்போதுதான் போன் போர்டில் எரியும் விளக்கைக் கவனித்தாள். வெளி அழைப்புக்கான விளக்கு அல்ல அது. போன், நாலாவது மாடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

லிஃப்டில் ஏறிப் போனாள். மேஜைகள் துடைத்து வைத்தாற்போல் கிடந்தன. ஆள் நடமாடினால் மட்டும் எரிகிற விளக்குகள். அவள் நடக்க நடக்க ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி மூலையில் மட்டும் ஒன்று முன்பே எரிந்துகொண்டிருந்தது.

அங்கே ஒருவர் டை கட்டி, கழுத்தில் பேட்ஜோடு, வெறும் மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்தார். ரிசீவர் இன்னும் காதில் இருந்தது. பேட்ஜில் சேனாபதி என்ற பெயர்.

"ரிசப்ஷன்ல நீங்கதானுங்களா?" என்று திரும்பாமலே கேட்டார். "தினம் இல்லைங்கறீங்க. கேக்கக் கேக்க எனக்கும் அப்படித்தான் படுதுங்க."

அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. இருந்தாலும் ரிசீவரை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தாள். "இருக்கீங்க. வாங்க, கீழ போலாம்" என்றாள்.

வேலை போனதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. கதவு திறக்கிற அந்தப் பேட்ஜை ரத்து செய்ய யாரோ மறந்திருந்தார்கள். தினமும் ஷேவ் செய்துகொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். ராஜலக்ஷ்மி அவர் மனைவி ஷ்யாமளாவுக்குப் போன் செய்தாள். அவள் வந்து, எதுவும் கேட்காமல், காரின் கதவைத் திறந்துவிட்டு நின்றாள்.

'நோ லாங்கர் வித் அஸ்' என்ற அந்த வாக்கியத்தை ராஜலக்ஷ்மி பிறகு யாரிடமும் சொல்லவில்லை. டெனீஸ் ஒருமுறை கண்டித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

சேனாபதி குடும்பம் பிள்ளைகளோடு கலிஃபோர்னியாவில் டப்ளினுக்குக் குடிபோனது. தீபாவளிக்கு ஷ்யாமளா கூப்பிட்டாள். அவருக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டதாம், உடம்பும் தேறிவிட்டதாம். பேச்சு முடிகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சில நாள் அவரே ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு போன் பண்ணி, சேனாபதி இருக்காரான்னு கேக்கறாருங்க. இருக்காருன்னு சொல்றேன். சரின்னு வெச்சுடறாரு."

ராஜலக்ஷ்மி, பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்று விசாரித்தாள்.