பாகூருக்குப் போன நீல ஜாடி

கண்ணாடி ஊதுகிறவனுக்குப் பாதி நேரம் நெருப்போடு மல்லுக்கட்டு, மீதி நேரம் "ஊதுறதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்கிறவர்களோடு மல்லுக்கட்டு. பார்க்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கத் தெரியாமல் கல்யாணப் பந்தியில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிற அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு நம் பாடு எங்கே புரியப்போகிறது.

எழுபதுகளின் நடுவில், வில்லியனூரிலிருந்து சுத்துக்கேணி போகிற வழியில், கரும்புக் கொல்லையை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறை ஒன்று இருந்தது. பிரான்சுக்குப் போய்க் கண்ணாடி வேலை கற்றுக்கொண்டு வந்த புதுச்சேரிக்காரர் ஒருவர் அதை நடத்தினார். ஊரே அவரை பிரெஞ்சு மரியாதையில் முசியே என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காத பூ ஜாடி, கிண்ணம், குடுவை எல்லாம் அங்கே கையாலேயே செய்வோம். 'செய்வோம்' என்பதில் என் பங்கு எவ்வளவு என்று கீழே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூச்சுக்காரன்

எங்கள் ஊர்க் கபடிக் குழுவில் மூச்சுக்குப் பேர்போனவன் நான்தான். பாடிக்கொண்டு போனால் எதிராளிக்குக் கொட்டாவி வரும், எனக்கு மூச்சு முடியாது. ஊதுவதற்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும், எனக்காகவே சாமி திறந்துவைத்த பட்டறை என்று போய் நின்றேன். முசியே இரும்புக் குழலை உலைக்குள் விட்டு, வெல்லப் பாகு மாதிரி இருந்த கண்ணாடியை நுனியில் சுற்றியெடுத்து என் கையில் கொடுத்தார். மெதுவாக ஊது என்றார். மெதுவாகவா, நானா. நெஞ்சு நிறைய இழுத்து ஒரே ஊது.

குழல் நுனியில் என் தலை அளவுக்கு ஒரு கொப்புளம் கிளம்பி, வெங்காயத் தோலாக மெலிந்து, பட்டென்று போனது. பட்டறை முழுக்கக் கண்ணாடிச் செதில் பறந்து, முசியேவின் காபியிலும் கொஞ்சம் விழுந்தது. இந்த வேலைக்கு வேண்டியது ஒரு சின்ன மூச்சுதான், அதை உள்ளே விட்டுக் குழலைக் கட்டைவிரலால் அடைத்துவிட்டால் மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அவர் காபியைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து சொன்னார்: "உன்னாண்ட காத்து நெறைய இருக்குதுப்பா. அவ்ளோத்தையும் எனக்கே குடுக்கணும்னு இல்ல."

சாய்ந்த கழுத்து

குழலைக் கொஞ்சம் சுற்றாமல் விட்டாலும் இளகின கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். நானும் சுற்றத்தான் சுற்றுவேன். ஆனால் ரோட்டில் பஸ் நின்றால் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? அதனால் என் ஜாடிகளெல்லாம் ரோட்டுப் பக்கமாகவே கழுத்தைச் சாய்த்திருக்கும். முசியே அவற்றை மூலையில் சாக்குப் போட்டு மூடிவைத்திருந்தார். ஒருநாள் ஜாடி வாங்க வந்த வெள்ளைக்கார அம்மா அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்த்து, அலமாரியில் நேராக நின்றதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு சாய்ந்த ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இதே மாதிரி ஜோடிக்கு இன்னொன்று வேண்டும் என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கையை நன்றாகக் கழுவி, சாமியைக் கும்பிட்டு, சாய்ப்பதற்கென்றே உட்கார்ந்தேன். ஜாடி கம்பம் மாதிரி நேராக வந்தது. இன்னொன்று செய்தேன், அதுவும் நேர். உலையைப் பார்த்துக்கொண்ட காத்தவராயன் அண்ணன் அடுப்புக்கு விறகு தள்ளுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்: "கோணலா வேணும்னு கேட்டாதான் உனக்கு நேரா வருது. இன்னா ஜென்மம்பா நீ."

நெஞ்சு படம்

இந்தச் சமயத்தில் வீட்டில் எனக்குப் பெண் தேட ஆரம்பித்தார்கள். பையன் என்ன வேலை? ஊதுகிற வேலை. அவ்வளவுதான், நெஞ்சு வெந்துபோயிருக்கும், இருமி இருமியே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று வந்த சம்பந்தமெல்லாம் கைநழுவியது. போகட்டும் என்றுதான் இருந்தேன், பாகூர்ப் பூங்காவனத்தின் பேச்சு வரும்வரை. அவளை எனக்கு முன்னமே தெரியும். தேர்க் கூட்டத்தில் என் காலை மிதித்துவிட்டு, காலை ஏன் இங்கே வைத்தீர்கள் என்று என்னையே அதட்டிவிட்டுப் போனவள். அன்றிலிருந்து எனக்கு வேறு யாரையும் பிடிக்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் பட்டறைக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவள் அப்பா கேட்டார் என்று நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தை வெயிலுக்கு நேரே தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, எலும்பெல்லாம் இருக்கிறது என்று திருப்திப்பட்டார். ஆனாலும் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பட்டறைக்கே வந்துவிட்டார். நான் பெரிய வித்தைக்காரன் மாதிரி கன்னம் உப்ப ஊதிக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எங்க வூட்டுப் பொம்பளைங்களும் தெனம் அடுப்பு ஊதுறாங்க தம்பி. அத்த உத்தியோகம்னு சொல்லிக்கினு யாரும் பொண்ணு கேக்கல."

நல்ல நேரம்

முடியாது என்றும் அவர் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார். இது அடுப்பூதுகிற வேலை இல்லை என்று நிரூபித்தே தீருவது என்று, முதல் நாள் சாயங்காலம் ஒரு நீல ஜாடி செய்தேன். பஸ் நின்றது, நான் திரும்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒன்றைச் செய்ததில்லை. செய்த ஜாடியை மூடிய அடுப்புக்குள் வைத்து, அந்த அடுப்போடு சேர்ந்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு எந்த நேரத்திலும் தானாகவே பிளந்துகொள்ளும். காலையில் அடுப்பு இன்னும் சுட்டது. காத்தவராயன் அண்ணன் தொடாதே என்றார். ராகு காலத்துக்கு முன்னால் பாகூரில் இருக்க வேண்டிய எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. வைக்கோலிலும் சாக்கிலும் சுற்றி, பஸ் மாறி, மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் மடி வெதுவெதுப்பாக இருந்தது.

வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஜாடியை வைத்தார்கள். வெயில் பட்டுச் சுவரெல்லாம் நீலம். அவள் அப்பாவே குனிந்து பார்த்து, பரவாயில்லையே என்றார். சரி, பெரியவங்க ஒரு நாள் பாருங்க என்று அவர் வாயெடுத்த அந்த நேரம் பார்த்து 'டிக்' என்று ஒரு சத்தம். யாரும் தொடவில்லை. ஜாடி நட்டநடுவே இரண்டாகப் பிளந்து விழுந்தது. பெண்ணின் அத்தை, அபசகுனம், எழுந்திருங்க என்று சொல்லிவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். மேல்பக்கம் ஆறிவிட்டது, அடி தடிமன், அது ஆறவில்லை என்று பாடம் நடத்தினேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பூங்காவனம் முறமும் துடைப்பமுமாக உள்ளேயிருந்து வந்தாள். அலங்கரித்துக் கூட்டிவந்து நிறுத்த வேண்டிய பெண், யாரும் கூப்பிடாமலே நடுக்கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைக் கூட்டினாள். ஒரு சில்லு விடாமல் வாரி எடுத்துக்கொண்டு எழுந்தவள், அவள் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்: "ஆறுறதுக்குள்ள தூக்கிக்கினு வந்துட்டாரு, ஒடஞ்சிபோச்சு. ஜாடி தானேப்பா ஒடஞ்சிது, ஆளு முழுசாத்தான இருக்காரு. நாளப் பாருங்க."

நாள் பார்த்தார்கள், கல்யாணமும் ஆனது. ஆனால் கண்ணாடிக்காரன் வீட்டில் இன்றைக்கும் தண்ணீர் குடிக்க எவர்சில்வர் டம்ளர்தான், நான் செய்ததில் ஒன்றைக்கூட அவள் வாசலைத் தாண்டி உள்ளே வர விட்டதில்லை.