புளி போட்டுத் தேய்த்த குழாய்கள்

வெட்கப்படுகிறவர்களுக்கு வாய் வேலை செய்யாது. அதற்கும் சேர்த்துக் கை வேலை செய்யும். எங்கள் வீட்டுக்கு ரிப்பேர் பார்க்க ஆள் வருகிறார் என்றால், அவரிடம் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேச வேண்டுமே என்ற பயத்தில் நான் முந்தின நாளே துடைக்க ஆரம்பித்துவிடுவேன். வீடு பளிச்சென்று இருந்தால் நம்மிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. நியூ ஜெர்சியில் இத்தனை வருஷத்தையும் அந்த நம்பிக்கையில்தான் ஓட்டியிருக்கிறேன்.

போன ஜனவரியில் பாய்லர் மக்கர் பண்ணியது. எங்களுடையது பழைய வீடு. பேஸ்மென்ட்டில் இருக்கும் பாய்லர் தண்ணீரைச் சுடவைத்துச் செம்புக் குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பும். போன தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் திரும்பி வர வேண்டும். கேஜில் முள் பன்னிரண்டில் நின்றால் பிரஷர் சரி. எங்கள் முள்ளோ தினமும் ஐந்துக்கு இறங்கியது. என் கணவர் காலையில் வால்வைத் திறந்து தண்ணீர் ஏற்றிவிட்டு ஆபீஸ் போவார். சாயங்காலம் முள் மறுபடியும் கீழே. வீடு ஃப்ரிட்ஜ் மாதிரி கிடக்கும்.

"எங்கயோ லீக் ஆகுது. ஆனா தரையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நாளைக்கு டெக்னீஷியன் வர்றார். எனக்கு மீட்டிங். நீ பாத்துக்க," என்றார்.

"நானா?"

"பாப்பாவுக்கு லீவுதானே, அவ பேசுவா. நீ சும்மா நின்னாப் போதும்."

சும்மா நிற்பதுதான் எனக்கு வராத வேலை.

வருகிறவர் ஹாலையா பார்க்கப் போகிறார், குழாயைத்தானே பார்ப்பார் என்று பேஸ்மென்ட்டுக்குப் போனேன். கூரையை ஒட்டி ஓடிய குழாய்கள் கறுத்துப்போய் அசிங்கமாக இருந்தன. செம்பை இப்படி வைத்திருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? பாய்லரை நிறுத்தி, குழாய் ஆறியதும் புளியும் உப்பும் பிசைந்து எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினேன். ஒரு மூட்டில் மட்டும் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ கெட்டியாகப் பூத்துப் பிடித்திருந்தது. அதைக் கம்பி நாரால் சுரண்டி எடுப்பதற்குள் கை விட்டுப்போயிற்று. வேலை முடிந்தபோது கும்பாபிஷேகத்துக்குத் தயாரான கலசம் மாதிரி அத்தனை குழாயும் மின்னின. பாய்லரை மறுபடி போட்டுவிட்டு, எனக்கு நானே ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

மறுநாள் டெக்னீஷியன் வந்தார். நரைத்த மீசை, முழங்காலில் பட்டை, கையில் டார்ச். என் மகள் கழுத்தில் ஹெட்ஃபோனோடு அவருடன் பேசினாள். பாய்லர் பக்கத்தில் தொங்கிய சின்ன டேங்கின் காற்று வால்வை அழுத்திப் பார்த்தார். காற்றுதான் வந்தது, தண்ணீர் வந்திருந்தால் அதுதான் கோளாறாம். அதிகப் பிரஷரை வெளியே விடும் குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகு மாடிக்குப் போகும் குழாயையும் கீழ்த்தளத்துக்குப் போகும் குழாயையும் தனித்தனியாக அடைத்துப் பார்த்தார். கீழ்த்தளத்துக் குழாயில்தான் பிரஷர் இறங்கியது. அதில் பாதி பேஸ்மென்ட் கூரையில் கண்ணுக்குத் தெரியும். மீதி ஃபேமிலி ரூம் தரைக்கு அடியில், கான்கிரீட்டுக்குள் ஓடுகிறது.

தெரிகிற பாதியை டார்ச் அடித்து மூட்டு மூட்டாகப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். மகளிடம் ஏதோ சொன்னார்.

"அம்மா, ஸ்லோ லீக்னா பைப் சூட்டுலயே தண்ணி காஞ்சிடுமாம். அதான் கீழ விழல. பட் அந்த ஜாயின்ட்ல ஒயிட்டா, க்ரீனா க்ரஸ்ட் மாதிரி ஒட்டிக்குமாம். அத வெச்சுத்தான் கண்டுபிடிப்பாங்களாம். நம்ம பைப்ல நத்திங். இவ்ளோ க்ளீன் பைப்ஸ் அவர் லைஃப்லயே பாத்ததில்லயாம்."

அவர் பாராட்டாகத்தான் சொல்லியிருந்தார். தேய்த்தது போக மிச்சமிருந்த புளிக் கிண்ணத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மேலே வந்து சோஃபாவை நகர்த்தினார். டைல்ஸ் மேல் நீல டேப்பால் பெரிய கட்டம் போட்டார். லீக் கான்கிரீட்டுக்குள்தான் இருக்க வேண்டும், நாளை உடைத்துப் பார்க்கலாம் என்றார். அந்த டைல்ஸ் ஒரு கோடை முழுவதும் என் கணவர் முட்டி தேயத் தன் கையால் பதித்தது. மகள் அவரை ஸ்பீக்கரில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"வேற வழி இல்லன்னா உடைக்கட்டும்," என்றார். இறங்கிப்போன அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை.

நான் சுரண்டி எடுத்ததை மகளிடம் சொல்லலாம். சொன்னால் அவள் சிரிக்கிற சிரிப்பு அவளுடைய பள்ளிக்கூடம் வரை கேட்கும். நேராக டெக்னீஷியனிடமே சொல்லலாம். ஆனால் வாக்கியத்தை மனசுக்குள் கட்டக் கட்ட, நடுவில் ஒரு வார்த்தை காணாமல் போனது. அதற்குள் மகள் அப்பாவோடு பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள். டெக்னீஷியன் பையை மூடினார்.

"சார்," என்றேன். அவர் நிமிர்ந்தார். கட்டி வைத்த வாக்கியம் மொத்தமும் மறந்துபோயிற்று. "ப்ளீஸ் கம்," என்று சொல்லிவிட்டு பேஸ்மென்ட்டுக்கு ஓடினேன்.

ஸ்டூல் மேல் ஏறி அந்த மூட்டைத் தொட்டுக் காட்டினேன். "ஹியர். ஒயிட். க்ரீன். யெஸ்டர்டே, ஐ வாஷ்." தேய்க்கிற மாதிரி கையையும் ஆட்டிக் காட்டினேன்.

அவர் அந்த மூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குழாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"ஆல் ஆஃப் இட்?"

"ஆல்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நல்ல மனுஷர், முகத்துக்கு நேராகச் சிரிக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க என் மகள் வந்து சேர்ந்தாள்.

"அம்மா! யூ வாஷ்ட் தி பைப்ஸ்? ஹூ டஸ் தட்?"

"கத்தாதடி. அவர் என்னமோ கேக்கறார் பாரு."

"எதுல தேச்சேன்னு கேக்கறார். ஹி வான்ட்ஸ் சம்."

குழாய் ஆறியதும் பிரஷரை ஏற்றினார். மூட்டைத் துணியால் துடைத்துவிட்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றினார். மூன்று பேரும் அண்ணாந்து நின்றோம். அது காய்ந்தே இருந்தால் மேலே தரை போச்சு. டிஷ்யூ வெள்ளையாகவே இருந்தது. இருந்தது. பிறகு ஒரு ஓரம் லேசாக நிறம் மாறி, ஈரம் மெதுவாக மேலே ஏறியது. எங்கள் வீட்டில் ஒரு ஒழுகலைப் பார்த்துக் கைதட்டியது அன்றுதான்.

தண்ணீரை வடித்துவிட்டு, நெருப்பு காட்டி, அந்த மூட்டைப் புதிதாகப் பற்றவைத்தார். முள் பன்னிரண்டில் நின்றது. நீல டேப்பை அவரே உரித்தார். போகும்போது நான் கொடுத்த புளி உருண்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் கணவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் முதலில் டைல்ஸைத்தான் போய்ப் பார்த்தார். குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். அப்புறம் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார். கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, குழாயெல்லாம் இவ்ளோ பளபளன்னு இருக்கு, இந்த ஒரு மூட்டு மட்டும் ஏன் கறுப்பா அசிங்கமா கெடக்கு? லேசாத் தேச்சு விடட்டுமா?"

"அதுல கைய வெச்சுப் பாருங்க, தெரியும் சேதி!" என்று நான் போட்ட சத்தத்தில், மாடியில் மகள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள்.