இர்ஃபான் அட்டையில் ஒரு அரை டிக்

விளையாட்டுப் பள்ளி நடத்துவதில் பாட்டும் ஆட்டமும் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு, எந்தப் பிள்ளைக்கு எது வந்தது, எது வரவில்லை என்று அட்டையில் கட்டம் நிரப்புவது. இதே பாடுபடும் மிஸ்மார்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். விருத்தாசலம் பீங்கான் கப்புகளைச் சேத்தியாத்தோப்பு சந்தையில் கூவி விற்றுப் பள்ளி திறந்தவள் நான். பேரத்தில் என்னை அசைக்க ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆறு கட்டை

மூன்று வயதில் ஆறு கட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நல்லூர்க்காரர் ஒருவரின் மகன் நாலோடு நிறுத்திவிட்டான், டிக் போடவில்லை. அப்பா சண்டைக்கு வந்துவிட்டார். வீட்டில் பழக்குங்கள் என்று சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது, என் குரல் அதற்கு மேலே ஏறியது. வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு கட்டைக்கு இவ்ளோ பேசறீங்களே, அவன் என்ன மாடி வூடா கட்டப்போறான்?"

நடுவில் முடித்தது

இர்ஃபானுக்கு மூன்றரை வயது. இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு, காதைப் பரிசோதிக்கவும் என்று கீழே எழுதினேன். அவன் அம்மா நஸ்ரின் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அட்டையைப் படம் எடுத்து சவுதியில் இருக்கும் கணவருக்கு அனுப்ப வேண்டுமாம், அவர் மனசு உடைந்துவிடுமாம். கத்திப் பார்த்தேன். அழுதார். சந்தைப் புத்தி விடுமா? விலை ஒத்துவராவிட்டால் நடுவில் முடிப்போமே, அப்படி ஒரு அரை டிக் போட்டு, கீழே எழுதியதையும் அடித்துவிட்டேன். நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "பாதி பேசறான்னு இவன் அத்தாகிட்ட சொல்லிடறேன் மிஸ்."

தட்டு

மூன்று மாதம் ஓடியது. டாக்டரிடம் போனீர்களா என்று நஸ்ரினைக் கேட்டால், நீங்களேதான் பாதி வந்துவிட்டது என்று போட்டீர்கள் என்று அட்டையை நீட்டுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேலேயே. சோற்றுத் தட்டை எடுத்து இர்ஃபானுக்குப் பின்னால் தரையில் போட்டேன். அத்தனை பிள்ளைகளும் துள்ளின. அவன் மட்டும் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற நஸ்ரின் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போயும் சொன்னார்: "அவனுக்குத் தட்டு சத்தம் பழகிப்போச்சு மிஸ்."

சவுதி போன்

நஸ்ரினின் போனை வாங்கி நானே அவர் கணவரிடம் பேசினேன். அரை டிக் என் தப்பு, பிள்ளைக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னும் தள்ளினால் பேச்சு வருவது கஷ்டம் என்றேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவரோ எங்கே காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "இனிமே இவ அழுதாலும் சரி, நானே கெஞ்சுனாலும் சரி, வரலன்னா வரலன்னே போடுங்க மிஸ்."

மிஷின்

கடலூரில் காட்டினார்கள், கேட்கவில்லை என்பது உறுதியானது. காதுக்கு மிஷின் மாட்டி வந்த முதல் நாள், பக்கத்துப் பையன் அழுததைக் கேட்டு மிரண்ட இர்ஃபான் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, நஸ்ரின் அட்டையோடு வந்து நின்றார்: "சத்தத்துக்குத் திரும்பறான்ல மிஸ், பேசறதுக்கும் சேர்த்து ஒன்னு போட்டுடுங்களேன்."

டிக் போட ஒரு பேனா போதும், போடாமல் இருக்கத்தான் இந்தத் தொழிலில் தொண்டைத் தண்ணி வற்ற வேண்டியிருக்கிறது.