கார் நிறுத்துமிடத்தில் ஒரு பொதுக்கூட்டம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவர் ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்துக்கு முன்பு என் வீட்டுக்கு வருவார். கூட்டம் மேல்தளத்து மண்டபத்தில் நடக்கும். லிஃப்ட் அங்கே போகாது, படிக்கட்டு மட்டும்தான். எனக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். பேச்சும் குழறும்.

"அங்கிள், நீங்க எதுக்கு கஷ்டப்படுறீங்க? இந்த பாரத்துல சைன் பண்ணுங்க. உங்க ஓட்ட நான் பாத்துக்கிறேன் லா" என்பார். நானும் போட்டுக் கொடுத்துவிடுவேன். வேலைக்காலம் முழுவதையும் கூட்டங்களில் கழித்தவனை இன்னொரு கூட்டத்திலிருந்து ஒருவர் காப்பாற்றினால் கசக்குமா?

அந்த வருடம் பாரத்தோடு ஒரு மைப்பெட்டியையும் கொண்டுவந்தார்.

"கை நடுங்குமே அங்கிள். கட்டை விரல வச்சா போதும்."

நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கூட்டங்களை நடத்தும் பிரிவுக்குத் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன். அறிவிப்பு எப்போது போக வேண்டும், யார் முன்மொழியலாம், எந்த ஓட்டு செல்லாது என்றெல்லாம் மற்ற அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்தவன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கிளறலுக்காக என் அறைக்கு வெளியே காத்துக் கிடந்தவர்கள் உண்டு. இந்த மனிதரோ என் விரலைப் பிடித்தார், சின்னக் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பதுபோல.

கையை இழுத்துக்கொண்டேன். "இந்த முறை என் ஓட்டை நானே போடுகிறேன்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. "ஓகே ஓகே, டயர்டா இருக்கு போல" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுவாரம் பக்கவாசலைப் பூட்டினார்கள். வெளியாட்கள் நுழைகிறார்களாம், பாதுகாப்புக் காரணமாம். எங்கள் கட்டடத்தில் படியில்லாத வாசல் அது ஒன்றுதான். அதன் வழியாகத்தான் நான் ரயில் நிலையத்துக்கும் கிளினிக்குக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்கும் போவேன். முன்வாசலில் படிகள். மிச்சமிருப்பது கார்கள் ஏறி இறங்கும் சரிவு. அதில் காவலாளி கார்களை நிறுத்தி, என் இடுப்புப் பட்டையைப் பிடித்து இறக்கிவிட்டால்தான் உண்டு. அவர் சாப்பிடப் போயிருந்தால் நான் வீட்டில்.

தலைவருக்கு முறைப்படி எழுதினேன். பதில் எனக்கு வரவில்லை, கிள்ளானில் இருக்கும் என் தம்பிக்குப் போனது. தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணே, ஒங்க தலைவர் பேசுனாரு. நீ தனியா இருக்கிறது இனிமே சேஃப் இல்லையாம். பின்னால ரூம கிளீன் பண்ணிட்டேன். வந்துரு."

தம்பி நல்லவன். அவன் வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கும். வாசலைத் தாண்ட வேண்டுமானால் யாராவது காரை எடுக்க வேண்டும். என் மளிகையை நானே வாங்கி, என் ரயிலை நானே பிடித்து வாழ்ந்தவன் நான். ஆக, விஷயம் எளிது. ஒன்று பக்கவாசல் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் பின்னறைக்குப் போக வேண்டும்.

வாசல் திறந்தால் மட்டும் போதாது என்றும் அன்றே முடிவு செய்தேன். அந்த மனிதர் தலைவர் நாற்காலியில் இருக்கக் கூடாது, அதுவும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்க வேண்டும். பழிவாங்குவது பண்பில்லை என்று சொல்பவர்களின் வீட்டுக்கு யாரும் மைப்பெட்டியோடு வந்ததில்லை.

சட்டம் என் பக்கம் இருந்தது. கூட்டத்துக்கு வரமுடியாத உரிமையாளர் தனக்குப் பதிலாக யாரையும் அனுப்பலாம். அனுப்பப்படுபவர் வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டும்தான் பிரதிநிதியாக இருக்கலாம். எங்கள் தலைவர் ஆண்டுதோறும் ஒரு கட்டுப் பாரங்களைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஜெயித்துவந்தார். யாரும் கேட்டதில்லை. நான் கேட்டால் அந்தக் கட்டு குப்பைக்குப் போகும். ஆனாலும் மண்டபத்தில் இருப்பவர்கள் அவருடைய சகாக்கள். எனக்கு ஆட்கள் தேவை. கட்டடத்தில் குடியிருக்காத உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள். அதுவும் தலைவர் கடையில் ஒரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தால் மனம் மாறாத ஆள்.

கிள்ளானில் பெருமூளை வாதமுள்ள பெரியவர்கள் சனிக்கிழமைகளில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். என்னைப் பலமுறை அழைத்திருக்கிறார்கள். கைதட்டிப் பாடி ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள் என்று நினைத்து நான் போனதில்லை. இப்போது காவலாளியின் தயவில் சரிவில் இறங்கி, ரயிலேறிப் போனேன்.

யாரும் பாடவில்லை. மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டே, சம்பளம் குறைத்துக் கொடுக்கும் ஒரு முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். குழுவின் தலைவி மோட்டார் சக்கர நாற்காலியில் இருந்தார். வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். அவருக்குப் பேச்சு வராது. விரல் முட்டியால் கைப்பேசியில் தட்டுவார், அது செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் படிக்கும்.

நான் என் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். முடித்த பிறகுதான் உறைத்தது, இடையில் ஒருவர்கூட "என்ன?" என்று கேட்கவில்லை.

தலைவி தட்டினார். செய்திக் குரல் சொன்னது: "பெரிய ஆபீசர். இத்தனை வருஷம் கூப்பிட்டோம், வரல. இப்ப ஓட்டு வேணும்னு ஒடனே வந்துட்டீங்க."

"ஆமா" என்றேன்.

"அரசியல்வாதிங்களாவது வரும்போது சாமான் நெறச்ச ஹேம்பர் கூடை கொண்டு வருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பில் மீ புரையேறியது. தலைவி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மறுபடி தட்டினார்.

"அந்த ஆளு மைப்பெட்டியோட வந்தாரா? நெஜமா?"

"நெஜமா."

"சரி. வரோம்."

உரிமையாளர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பயனில்லை. என் குரலைக் கேட்டால் குடித்திருக்கிறேன் என்று வைத்துவிடுவார்கள். செய்திக் குரலைக் கேட்டால் மோசடிக் கும்பல் என்று வைத்துவிடுவார்கள். அதனால் தலைவியும் நானும் நேரிலேயே போனோம். செலாயாங்கில் ஒரு காய்கறி மொத்த வியாபாரி, சாலாக் செலாத்தானில் ஓர் ஓய்வுபெற்ற தாதி என்று ஒவ்வொருவராக. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு எங்கள் கட்டடத்தில் வீடு இருந்தது. நாங்கள் கடைக்குள் நுழைந்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே, அவர் கல்லாவைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து என் சட்டைப்பையில் செருகினார். வெள்ளிக்கிழமை. தர்மம் செய்யும் நாள்.

நான் விறைத்துப்போனேன். தலைவி அவசரப்படாமல் தட்டினார். கைப்பேசியின் ஒலியையும் கூட்டினார்.

"பாஸ், நோட்டு வேணாம். கையெழுத்து வேணும். இவரு ஒங்க வீட்டுக்கு ரெண்டு மாடி மேல இருக்கிற ஓனர்."

கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க சார்" என்று நாற்காலி போட்டு, குளிர்பானம் வரவழைத்து, பாரத்தில் கையெழுத்திட்டார். நோட்டை நான் அவர் சட்டைப்பையில் செருகினேன். கொஞ்சம் அழுத்தியே செருகினேன்.

பின்னால் தேதியிட்ட பாரம் முன்னதை ரத்து செய்யும். எல்லாவற்றையும், பக்கவாசலைத் திறக்கும் தீர்மானத்தோடு சேர்த்து, கெடுவுக்குள் நிர்வாக அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே மேலாளராக இருந்த சீனப் பெண் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார். தலைவருக்கும் நகல் போனது. ஆனால் அவர் தாள்களைப் படிக்கிற வழக்கமில்லாதவர். கூட்டத்தைக் கீழே நடத்தக் கோரிய என் கடிதத்தையும் அவர் படிக்கவில்லை.

கூட்டத்தன்று காலை கிள்ளானிலிருந்து வேன் வந்தது. காவலாளி கார்களை நிறுத்திவிட்டு உற்சாகமாக ஒவ்வொருவரையும் சரிவில் ஏற்றினார். சக்கர நாற்காலிகளும் நடைவண்டிகளும் ஊன்றுகோல்களும் மண்டபப் படிக்கட்டின் அடியில், கார் நிறுத்துமிடத்தில் நிரம்பின. தலைவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். புன்னகையோடு இறங்கி வந்தார்.

"அங்கிள், என்ன இது? ஹேம்பர் எல்லாம் தீபாவளிக்குத்தான் லா. இன்னைக்கு ஏஜிஎம். வேன வெளிய நிறுத்தச் சொல்லுங்க, ஆளுங்களுக்கு தண்ணி கிண்ணி ஏதாச்சும் கொடுக்கச் சொல்றேன்."

அவருக்குப் பின்னால் வந்த மேலாளர், "அவங்கள்லாம் ப்ரோக்ஸி, பாஸ்" என்று தங்குதடையில்லாத தமிழில் சொன்னார். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கு எதிரே வளர்ந்த பெண் என்று பிறகு தெரிந்தது. "ஓட்டுப் போட வந்தவங்க மேல ஏற முடியலன்னா கூட்டம் செல்லாது. மேசைய கீழ கொண்டு வரேன்."

மேசை இறங்கியது. தலைவரின் சகாக்கள் முணுமுணுத்துக்கொண்டே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியிறங்கி வந்தார்கள். அந்த ஊர்வலத்தை நான் கண்ணாரப் பார்த்தேன்.

கூட்டம் தொடங்கியதும் கை தூக்கினேன். ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பிரதிநிதியாக இருக்கலாம், தலைவர் கையிலிருக்கும் கட்டு செல்லாது என்று, விதியின் எண்ணோடு சொன்னேன்.

தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார். "அங்கிள் என்ன சொல்றாருன்னா, கமிட்டி ரொம்ப நல்லா செய்யுது, எல்லாருக்கும் தேங்க்ஸ்னு சொல்றாரு." அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்வரை கிள்ளான் தலைவி கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தார். அருகிலிருந்தவர் அவருடைய கைப்பேசியை இன்னொரு ஒலிவாங்கியின் முன் பிடித்தார். கார் நிறுத்துமிடம் முழுக்கச் செய்திக் குரல் எதிரொலித்தது.

"தலைவர் தப்பா சொல்றாரு. சார் சொன்னது இது." பிறகு நான் சொன்னது ஒரு சொல்கூட மாறாமல் வந்தது, விதியின் எண் உட்பட.

மேலாளர் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்துத் தலையாட்டினார். கட்டிலிருந்து ஒரு பாரத்தை மட்டும் தலைவரிடம் விட்டுவிட்டு மற்றவற்றைத் தனியே எடுத்து வைத்தார். பக்கவாசல் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. உயர முடிந்த கைகள் உயர்ந்தன, முடியாதவர்கள் ஓட்டு அட்டையை வாயில் கவ்வித் தூக்கினார்கள். நிறைவேறியது.

தலைவர் என்னருகே குனிந்தார். "அதான் கேட் கெடைச்சிருச்சே அங்கிள். எலெக்‌ஷன்ல நம்ம பழைய கமிட்டியவே விட்டுருங்க. நமக்குள்ள என்ன?"

"நமக்குள் ஒன்றுமில்லை" என்றேன், நிறுத்தி நிதானமாக. அது அவருக்கு விளங்கியது. அந்தக் காலையில் என் பேச்சு அவருக்கு விளங்கியது அதுதான் முதல் முறை. தேர்தலில் அவர் பெயர் வந்தபோது ஓர் அட்டைகூட எங்கள் பக்கத்திலிருந்து எழவில்லை. குழுவிலேயே அவருக்கு இடமில்லாமல் போனது. நான் எவ்வளவோ கூட்டங்களுக்குக் குறிப்பெழுதியிருக்கிறேன், இத்தனை ருசியான ஒன்றை எழுதியதில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் கிள்ளானுக்குப் போகிறேன். கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலியைவிடக் குறுகலாக இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் மீது எங்கள் கவனம் திரும்பியிருக்கிறது. அதன் உரிமையாளருக்கு இன்னும் எதுவும் தெரியாது. தலைவி என்னை ஆபீசர் என்றே கூப்பிடுகிறார். கேலிதான். எனக்குப் பிடித்திருக்கிறது.

பக்கவாசல் பாதை குறுகலானது, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. நடைவண்டி போனால் பக்கத்தில் இன்னொருவர் போக இடமிருக்காது. போன வாரம் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வேகமான காலடி கேட்டது, பிறகு நின்றது. "எக்ஸ்கியூஸ் மீ, சார்" என்றது, அதுவரை என்னை அங்கிள் என்றே அழைத்துவந்த குரல். ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. என்னால் வேகமாக நடக்க முடியாது என்பது ஊரறிந்தது. அன்று என்னால் முடிந்த வேகத்தில்கூட நான் நடக்கவில்லை.