பெட்ரோல் லோரியும் நான் அணைக்காத சூடமும்

நான் ஒரு பொய்யன். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுதக் கை வரும். ஏழு வருஷம் ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, அவன் கண் முன்னாலேயே தலை சீவி, பவுடர் பூசி, லோரி ஓட்டியவன். மாரியம்மாள் உன் பிரார்த்தனையைக் கேட்டாளாமே, அதைச் சொல் என்று கோயில் அன்பர்கள் கேட்டார்கள். கேட்டாள். கேட்டபடியே கொடுத்தாள். அதைத் தாங்க முடியாமல்தான் திருந்தினேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்ட இரண்டு பேர் இருந்தோம், நானும் குப்புசாமியும். அவன் என்னைவிட ஐந்து வயது இளையவன். கோயில் திருவிழா முடிந்த மறுநாள், மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து, களையைக் கொல்லும் புல்லு மருந்து பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு இருவரும் மலை ஏறினோம். வழியில் ரிங்லெட்டில் நிறுத்தி நான் சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்தேன். சாவியைக் கொடுங்கள் என்று குப்புசாமி இரண்டு முறை கேட்டான். கொடுக்கவில்லை. குடித்தவனுக்கு ரோஷம் அதிகம்.

மூன்றாவது வளைவில் லோரி சாய்ந்தது. பீப்பாய்கள் ஓடையில் உருண்டு, ஒன்று உடைந்து மருந்து தண்ணீரில் கலந்தது. கீழே எங்கள் குடியிருப்பான லயத்துப் பெண்கள் துணி துவைக்கும் இடம். விஷயம் தெரிவதற்குள் இரண்டு பெண்களுக்குக் கால் தோல் உரிந்துவிட்டது.

ஆட்கள் ஓடி வருவதற்குள் குப்புசாமி என்னிடம் சொன்னான்: "அண்ணே, நான் ஓட்டுனேன்னு சொல்லிக்கிறேன். ஒங்களுக்கு வேல போனா லயத்து வீடும் போயிரும். அண்ணி மாசமா இருக்கு. எனக்கு யாரு இருக்கா? எல்லாம் அடங்குனப்புறம் நீங்களே தொரகிட்ட உள்ளத சொல்லிருங்க."

எல்லாம் அடங்கியது. நான் சொல்லவில்லை.

மேனேஜர் துரை விஷயத்தைப் போலீஸுக்குக் கொண்டு போகாமல் தோட்டத்துக்குள்ளேயே முடித்தார். குப்புசாமியை லோரியிலிருந்து இறக்கி மருந்தடிக்கும் வேலைக்கு அனுப்பினார். முதுகில் பம்பைச் சுமந்து அவன் மலை ஏறுவான். நான் ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் போவேன். அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "லோரிய கவுத்தவனா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அது தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

எண்பதுகள் பிறந்தபோது தோட்டத்துக்குப் பெட்ரோல் லோரி வந்தது. தாப்பாவில் எண்ணெய் ஏற்றி, மலை ஏறி, லயங்களுக்கு நடுவே வர வேண்டும். ஓட்டுகிறவனைப் பற்றி நன்றாக விசாரித்த பிறகுதான் எண்ணெய் தருவோம் என்று டிப்போவில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். லைசன்ஸ், டாக்டர் கடிதம், வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் கடிதம், இவற்றோடு தோட்டத்து ஆபீஸின் கையெழுத்தும் வேண்டும். முதல் மூன்றும் சுத்தமாக வந்தன. சுத்தமாக வராமல் என்ன செய்யும்? அழுக்கை எல்லாம் குப்புசாமி அல்லவா சுமந்துகொண்டிருந்தான்.

கையெழுத்துப் போட வேண்டியவர் ஆபீஸ் குமாஸ்தாவான எங்கள் கிராணி. கோயில் காரியங்களையும் அவரே பார்த்தார். கடிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"போலீஸுக்கு ஒன்னைய தெரியாது. எனக்கு இது பத்தாது-லா. நெருப்ப கொண்டுகிட்டு புள்ளைங்க வெளையாடுற எடத்துல வரப்போற. வெள்ளிக்கிழம கோயிலுக்கு வா. ஒன்கூட ஓட்டுன குப்புசாமியும் வரட்டும். அவன ஒரு வார்த்த கேக்குறேன். அப்புறம் நீ குடிச்சிட்டு ஓட்டுனதில்லன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. கையெழுத்து போடுறேன்."

எங்கள் தோட்டத்தில் போலீஸ் கடிதத்தைவிடச் சூடம் பெரிது. எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் தழைக்காது என்பது எங்கள் நம்பிக்கை.

அப்போதாவது குப்புசாமியிடம் போயிருக்கலாம். கோயிலுக்குத்தான் போனேன். என்ன வேண்டினேன் தெரியுமா? எழுதவே கூசுகிறது. "தாயே, குப்புசாமி வாயைக் கட்டு" என்று வேண்டினேன். வேண்டுதல் நிறைவேறினால் உனக்குப் பட்டுப் புடவை சாத்துகிறேன் என்றும் சொன்னேன். அம்மனுக்கே லஞ்சம்.

வெள்ளிக்கிழமை வந்தது. பூசை முடிந்ததும் கிராணி குப்புசாமியைக் கூப்பிட்டார். மருந்தடித்த கையோடு வந்திருந்தான். விரல் நகங்கள் மஞ்சளாகிப் பழுத்திருந்தன.

"ஏன்பா, இவரு கையில பெட்ரோல் லோரிய குடுக்கலாமா?"

குப்புசாமி என்னைப் பார்க்கவில்லை. அம்மனையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லா ஓட்டுவாருங்க," என்றான்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். கையை நீட்டினேன். உள்ளங்கையில் சூடு ஏறியது. கை கீழே இறங்க மறுத்தது. எடுக்கவும் முடியவில்லை. "தாயே, அவன் வாயைக் கட்டினாய், என் வாயைத் திற" என்று நெஞ்சுக்குள் கதறினேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உண்மையான பிரார்த்தனை.

வாய் திறந்தது. "அன்னிக்கி லோரி ஓட்டுனது நான்தான். குடிச்சிருந்தேன்," என்றேன். கோயிலில் அத்தனை பேர் இருந்தார்கள். கால் தோல் உரிந்த அந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பேசி முடிக்கும்வரை எரிந்து, சூடம் தானே அணைந்தது.

மறுநாள் துரை முன் நின்றேன். லோரி போனது. வீடும் போகும் என்று பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒன் சம்சாரம் கொழுந்து எடுக்குதே. வீடு அது பேருல இருக்கட்டும்." எந்தப் பயத்துக்காக ஒருவன் வாழ்க்கையை ஏழு வருஷம் தின்றேனோ, அந்தப் பயம் ஒரே வார்த்தையில் இல்லாமல் போனது. அன்றைக்கே கேட்டிருந்தாலும் இதே பதில் வந்திருக்குமோ என்னவோ. அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது.

மருந்தடிக்கும் பம்பு என் முதுகுக்கு வந்தது. குடியைத் தொடவில்லை. பெட்ரோல் லோரிக்குக் குப்புசாமி பெயரை எழுதினார்கள். கூட வேலை செய்த ஒருவர் அவனுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். கிராணி அந்த விண்ணப்பத்தை என்னிடமே கொண்டு வந்தார். என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். "அந்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து இருக்கு," என்றார். அழுதுகொண்டே போட்டேன்.

குப்புசாமிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். "ஏண்ணே அப்படிச் செஞ்சீங்க?" என்று அவன் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் நன்றாக இருக்கும். தாயே, அவன் என்னை ஒரு முறையாவது திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அதை மட்டும் அவள் இன்னும் கொடுக்கவில்லை.

அன்பர்களே, அவளிடம் எதையும் கேளுங்கள், தருவாள். மறைத்து வை என்று மட்டும் கேட்காதீர்கள். அதையும் தந்துவிடுவாள், நான் பட்டிருக்கிறேன். உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு குப்புசாமி எங்கேயாவது இருந்தால், இன்றைக்கே அவன் வீட்டுக்குப் போங்கள். தைரியத்தை வழியில் அவள் தருவாள். பெட்ரோல் லோரி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.