சாய்வில் மூச்சு விட்ட கார்

முதலில் சரளைக்கல் ஒன்று டயருக்கடியில் 'நறுக்'கென்று நொறுங்கும். அதைத் தொடர்ந்து, வெகுநேரம் அடக்கிவைத்ததை யாரோ மூக்கு வழியாக மெல்ல விடுவது போல ஒரு பெருமூச்சு கேட்கும். பிறகு மறுபடியும் மூடுபனி, மறுபடியும் அமைதி. குன்னூருக்குக் கீழே, எங்கள் வீட்டு வாசலை ஒட்டி ஏறிச்செல்லும் செங்குத்தான சந்தில், உள்ளே ஆளில்லாமல், சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்க, எங்கள் பழைய வெள்ளைக் கார் சாயங்கால வேளைகளில் இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காரை வைத்துத்தான் அப்பா எஸ்டேட் ஆட்களுக்கு வாடகைக்கு ஓட்டினார். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, மேட்டுப்பாளையத்தில் ரயிலைப் பிடிப்பதற்கு என்று சவாரி வரும். அடைமழைக் காலத்தில் எங்கள் பக்கத்து டிரைவர்கள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைக்க மாட்டார்கள். ஈரத்தில் பிடித்துக்கொண்டு காலையில் விடாது. வண்டியைக் கியரில் போட்டு நிறுத்திவிட்டு, பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு 'அண்டைக்கல்' வைப்பார்கள். அந்தக் கல்லையும் டயரோடு ஒட்டி வைப்பதில்லை, ஒரு முழம் தள்ளித்தான் வைப்பார்கள். "டயரத் தொட்டுக் கல்லு வெச்சா சவாரி முட்டிக்கும்" என்பது அப்பாவின் வாக்கு, அவருடைய அப்பாவின் வாக்கும் அதுதான். அந்த ஒரு முழ இடைவெளியைத்தான் கார் சாயங்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து கடக்கும். வண்டியின் பாரம் அழுத்த, எஞ்சினின் பிடி தளர்ந்து வண்டி நாலு விரல் அளவு சரளைமேல் இறங்கும். உடனே எஞ்சினுக்குள் அடைபட்டிருந்த காற்று கசிந்து வெளியேறும். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பிற்பாடுதான். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பனிக்குள் உருவம் தெரியாமல் ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது என்பது மட்டுமே.

என் தம்பி கதிருக்கு அப்போது ஆறு வயது முடிந்திருந்தது. அவனுக்கு 'இழுப்பு' இருந்தது. குளிர் ஏறினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம் வரும். நாங்கள் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவோம். சில சமயம் அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வெளியே ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்தபடி அசையாமல் இருப்பான். சந்திலிருந்து பெருமூச்சு கேட்டதும் பென்சிலை மறுபடி எடுப்பான். அவனுக்குப் பயமாக இருக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அந்த வருடம் கார் ஏற்றத்தில் இழுக்காமல் போயிற்று. தேயிலை ஃபேக்டரிக்குப் பக்கத்து வளைவில் சவாரிக்காரர்களை இறங்கி நடக்கச் சொல்ல வேண்டிவந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அந்த வளைவைத்தான் ஏறியாக வேண்டும். ஒருநாள் அம்மா சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்க, ஊட்டுக்குள்ள மூச்சுத் திணர்ற புள்ளய வெச்சுக்கிட்டு வாசல்ல மூச்சுத் திணர்ற வண்டி எதுக்குங்க?" என்றாள். அப்பா சாப்பிட்டு முடித்ததும் மெக்கானிக் பழனி அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்.

இது நடந்தது கார்த்திகையில் என்று அம்மா இன்றும் சாதிக்கிறாள். இல்லை, ஐப்பசிதான். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த என் பாவாடை இன்னும் வராமலிருந்ததும், அதைக் கேட்டு நான் நச்சரித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

பழனி அண்ணன் பொழுது கிளம்பும்போதே வந்துவிட்டார். எஞ்சினின் ஓரத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பல் வைத்த கறுப்பு ரப்பர் வார் ஒன்று இருந்தது. கீழே எஞ்சின் சுழல்வதையும் மேலே அதன் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தையும் சேர்த்துக் கட்டிவைத்திருப்பது அந்த 'டைமிங் பெல்ட்'தான். மேலும் கீழும் உள்ள சக்கரங்களில் ஒவ்வொரு புள்ளி உண்டு; இரண்டும் அவற்றுக்குரிய குறிகளுக்கு நேரே நிற்க வேண்டும். மேல்புள்ளி நகர்ந்திருந்தது. வார் ஒரு பல் தாண்டியிருந்தது. பழனி அண்ணன் அப்பாவிடம் திரும்பினார்.

"ஏனுங்ணா, மேல பாத்து நிறுத்துற வண்டிக்கு ஃபர்ஸ்ட் கியரா போடுவாங்க? வண்டி பின்னால சரியச் சரிய எஞ்சின் தலகீழாச் சுத்துதுங்க. தெனமும் பொழுது சாஞ்சா நீங்களே இதக் கொஞ்சங் கொஞ்சமாக் கொன்னுட்டு இருந்திருக்கீங்க."

"எங்கப்பன் லாரிய அப்பிடித்தாண்டா நிறுத்துவாரு. அது ஒண்ணும் ஆகல."

"லாரில ஏதுங்ணா பெல்ட்டு? அது இரும்புப் பல்லு. இது உங்க மாமியா பொய்ப்பல்லாட்ட, தொட்டாக் கழண்டுக்கும்."

உள்ளேயிருந்து அம்மா, "என்றம்மா பல்லுல உனக்கென்ன வேல பழனி?" என்று குரல் கொடுத்தாள், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இவ்வளவு துல்லியமாக நினைவிலிருப்பதற்குக் காரணம், அதன் பிறகு அன்று யாரும் சிரிக்கவில்லை என்பதாக இருக்கலாம்.

வாரோடு சேர்த்து, அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும், கசிந்துகொண்டிருந்த தண்ணீர் பம்பையும் மாற்றினார்கள். பழைய உருளையைப் பழனி அண்ணன் விரலால் சுண்டிவிட்டபோது அது பசித்த குழந்தை போல முனகியது. எல்லாவற்றையும் பூட்டியபின், புள்ளிகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்ப்பதற்காக ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். உள்ளிருந்து அதே பெருமூச்சு வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. தற்செயலாகத் தம்பியின் பக்கம் திரும்பினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் தோள்கள் ஏறி இறங்கின.

"இனி ஒரு இஞ்ச் நகராது. ரிவர்ஸ்ல போடுங்க, கல்ல ஒட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் பழனி அண்ணன் போனார். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டயரைத் தொட்டே வைத்தார்.

அன்று பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. சந்தில் சத்தமே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கணக்கை மளமளவென்று போட்டுக்கொண்டிருந்தேன். கதிர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தான்.

"அக்கா, அது ஏன் இன்னும் விடல?"

"எது?"

மறுபடி நான் தலைநிமிர்ந்தபோது அவன் உதடுகள் நாவல்பழம் தின்றது போல இருந்தன. அவன் நெஞ்சிலிருந்து பூனைச் சத்தம்கூட வரவில்லை. வெளியே இருந்த அதே அமைதி உள்ளேயும் இருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்தாள், அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு ஓடினார். சாவியின் முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது. முந்தின நாள்வரை யாரையும் சுமந்து ஏறாத ஃபேக்டரி வளைவை எங்கள் நால்வரையும் சுமந்துகொண்டு ஏறியது. அதற்கு ஒரு நாள் முன்னால் என்றால் அது ஏறியிருக்காது என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவன் முகத்தில் மருந்துப்புகைக் கவசத்தை மாட்டினார்கள். விடிந்து வெகுநேரம் கழித்து, கதிர் அதை நகர்த்திவிட்டு அம்மாவிடம் சொன்னான்:

"வண்டி மூச்சு விடலம்மா. அது விட்டாத்தான் எனக்கு நெஞ்சு தொறக்கும்."

அவன் அத்தனை நாளும் ஜன்னலோரம் காத்திருந்தது பயத்தினால் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

வீடு திரும்பிய அன்று மாலை, காரைச் சந்தில் நிறுத்தும்போது அம்மா இறங்கி வந்து அப்பா பக்கத்துக் கார் ஜன்னலருகே நின்றாள்.

"ஏனுங்க, பழையபடியே போடுங்க."

"புது பெல்ட்டு போயிருமே, புள்ள."

"போகட்டும். பெல்ட்டு கடைல கெடைக்குது."

அப்பா ஃபர்ஸ்ட் கியரில் போட்டார். கல்லை ஒரு முழம் தள்ளி வைத்தார். பிறகு நாங்கள் நால்வரும் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். சரிசெய்த எஞ்சின் பாரத்தை இறுகப் பிடித்து நின்றது. பனி கண்ணாடியில் ஒட்டி வழிந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த வாடை வந்தது. அம்மா எழுந்து போகவில்லை. கதிரின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி லேசாகக் கத்தத் தொடங்கியது. அப்பா எழுந்து, வண்டியைத் தள்ளிப் பார்க்கலாமா என்பது போலக் கதவுவரை போனார்.

'நறுக்.'

அப்புறம் அந்தப் பெருமூச்சு, முன்னெப்போதையும் விட நீளமாக. எங்கள் நால்வரின் மூச்சும் அதோடு சேர்ந்து வெளியேறியது.

கதிருக்கு இழுப்பு விடும்வரை பழனி அண்ணன் மேலும் இரண்டு முறை அந்தப் பெல்ட்டை மாற்றினார். "இந்த ஊட்டு வண்டி மட்டும் பெல்ட்டத் திங்குதுங்க்கா, பேய் கீய் இருக்குதான்னு பாருங்க" என்பார். அம்மா டீயை நீட்டுவாள்.

இப்போது அப்பா இல்லை. கார் பழைய இரும்பாகப் போய் வருடங்கள் ஆகின்றன. சந்துக்குக் காங்கிரீட் போட்டுவிட்டார்கள். சரளையும் இல்லை, அந்த அண்டைக்கல்லும் அடியில் புதைந்துபோயிற்று. கதிர் கோயமுத்தூரில் இருக்கிறான். நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவனுடைய கார் ஒரு பொத்தானை அழுத்தினால் தானே சக்கரங்களைப் பூட்டிக்கொள்ளும்.

போன ஐப்பசியில் வந்திருந்தான். பனி இறங்கிய நேரத்தில் அதே ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டீயோடு போனேன். சந்தில் 'நறுக்'கென்றது. தொடர்ந்து பெருமூச்சு. டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். அவன் கார் நிறுத்திய இடத்திலேயே பூட்டியபடி நின்றது. காங்கிரீட் ஈரமாக, வெறுமையாக இருந்தது.

திரும்பி வந்தபோது அவன் தோள்கள் இறங்கியிருந்தன. ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்:

"கல்லு தள்ளித்தான இருக்குது, அக்கா?"

"தள்ளித்தான் இருக்குது" என்றேன்.